அடைவை எடைக்குப் போடாதீர்கள்

போன மாதம் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போயிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில், சணல் கயிறு போட்டுக் கட்டிய கனத்த பைண்டு வால்யூம்கள் ஒரு முப்பது கிடந்தன. குனிந்து முதுகைத் துடைத்துப் பார்த்தேன். 'கைடு டு இந்தியன் பீரியாடிக்கல் லிட்டரேச்சர்'. 1964ல் குர்கானிலிருந்து வரத் தொடங்கிய வரிசை. நம் நாட்டு ஆங்கில ஆய்விதழ்களில் யார், எதைப் பற்றி, எந்த இதழில், எந்தப் பக்கத்தில் எழுதினார்கள் என்று தலைப்பு வாரியாகச் சொல்லும் புத்தகம்.

"ஏன் தம்பி, இது எங்கே போகுது?" என்று கவுன்ட்டரில் இருந்த இளைஞரைக் கேட்டேன்.

"எடைக்கு சார். யாரும் எடுக்கறதில்ல. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு."

"எல்லாம் என்றால்?"

"எல்லாம்தான் சார்."

நல்ல பிள்ளை. உட்காரச் சொல்லி தண்ணீர் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் "எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது" என்ற அந்த வாக்கியத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அதை எழுதித் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இதை வழக்கமாகப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சுப் புத்தகங்களில் பொருளடக்கம் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும். அதனால் புத்தகத்தைப் பின்பக்கமிருந்து திறக்கும் பழக்கம் எங்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. லாருஸ் அகராதியில் ஒரு சொல்லைப் பார்க்கப் போனால் 'வுவார்' என்று போட்டு வேறொரு சொல்லுக்கு அனுப்புவார்கள். 'பார்க்க' என்று அர்த்தம். அங்கே போனால் இன்னொன்றுக்கு அனுப்புவார்கள். அலைக்கழிக்கிறார்களே என்று நாங்கள் முனகுவோம். எங்கள் ஆசிரியர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: உன்னை அனுப்புகிறவன் உனக்கு முன்னால் அந்த வழியில் நடந்து பார்த்தவன், அவன் சொன்னபடி போ என்றார்.

இன்டெக்ஸ் என்பதைத் தமிழில் அடைவு என்கிறார்கள். நல்ல சொல். ஒரு புத்தகத்துக்கு அடைவு தயாரிப்பது ஒரு ஆள் வேலை. ஆனால் மாதாமாதம், வாராவாரம் வந்து குவியும் பத்திரிகைகளுக்கு யார் செய்வது? அமெரிக்காவில் ஏல் கல்லூரியில் வில்லியம் பிரெடரிக் பூல் என்ற மாணவர், மாணவர் சங்கத்தின் நூலகத்தில் உதவியாளாக இருந்தார். விவாதக் கூட்டத்துக்கு விஷயம் தேடி வரும் மாணவர்கள், அலமாரி நிறைய பைண்டு பண்ணிய பத்திரிகைகள் இருந்தும் வேண்டியதைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போவதைப் பார்த்தார். தானே உட்கார்ந்து பொருள் வாரியாக ஒரு பட்டியல் எழுதினார். 1848ல் அது அச்சானது. 1853ல் பெரிதாகி இரண்டாம் பதிப்பு. 1882ல் அமெரிக்க, இங்கிலாந்து நூலகர்கள் பலர் பங்கு போட்டு வேலை செய்து மிகப் பெரிய பதிப்பு. அதன்பின் 1901ல் வில்சன் என்ற புத்தக வியாபாரியின் நிறுவனம் 'ரீடர்ஸ் கைடு' என்ற இதழ் அடைவைத் தொடங்கியது. அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். லைனோடைப் இயந்திரத்தில் வார்த்த ஈய வரிகளை உருக்கிவிடாமல் பத்திரமாக எடுத்து வைத்தார். அடுத்த இதழுக்கான வரிகளை அவற்றுக்கு நடுவில் அகர வரிசைப்படி செருகி, மறுபடி அச்சடித்தார். பல மாதப் பட்டியல்கள் ஒன்றாகிவிடும். கம்ப்யூட்டர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அதன் வேலையை ஈயத்தில் செய்தவர் அவர்.

நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் விடக் கூடாது. 1892ல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். 1931ல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, வாசகனின் நேரம் வீணாகக் கூடாது என்பது. அடைவு இருப்பதே அதற்காகத்தான்.

இதெல்லாம் ஒரு குமாஸ்தாவுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். குமாஸ்தா வேலையே அடைவு வேலைதான். நான் எல்.டி.சி.யாகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை, முடிந்த பைல்களுக்கு இன்டெக்ஸ் ஸ்லிப் எழுதுவது. பைலின் தலைப்பை மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதலில் பெரிய தலைப்பு, பிறகு உட்தலைப்பு, பிறகு விஷயம். அந்த ஸ்லிப்புகளை அகர வரிசையில் அடுக்குவோம். பத்து வருஷம் கழித்து ஒருவன் வந்து கேட்டால் ஐந்து நிமிஷத்தில் ரெக்கார்டு ரூமிலிருந்து பைல் வர வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு தப்புச் செய்தேன். கணவரை இழந்த ஒரு அம்மாவின் குடும்பப் பென்ஷன் மனு. உள்ளே முழுதாகப் படிக்காமல், 'மனுக்கள் - இதரவை' என்று ஸ்லிப் எழுதிப் போட்டுவிட்டேன். அந்த அம்மா நான்கு மாதம் நடந்தார். ஒவ்வொரு தடவையும் 'பென்ஷன்' கட்டைத் தேடினோம், இல்லை. இறந்தவர் பெயரில் தேடினோம், இல்லை. பைல் எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. கடைசியில் வேறு எதையோ தேடியபோது அது கையில் வந்தது. எங்கள் சூப்பிரண்டு பிரெஞ்சுக் காலத்து மனிதர். கத்தவில்லை. "தப்பான தலைப்புல போட்ட பைலும் எரிஞ்சு போன பைலும் ஒண்ணுதான்ப்பா" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா போகும்போது எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

ஆகவே, ஒரு விஷயத்தைப் படித்து, இது இன்னதைப் பற்றியது என்று தீர்மானித்து, அதற்குரிய தலைப்பின் கீழ் வைக்கும் வேலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அது சரியாக நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தப்பாகப் போனால் ஒருவருடைய சோற்றில் மண் விழும்.

இப்போது எதிர்க் கட்சியின் வாதத்துக்கு வருகிறேன். தேடும் பெட்டியில் சொல்லைத் தட்டினால் வந்து கொட்டுகிறதே, பிறகு அடைவு எதற்கு என்கிறார்கள்.

எதிர் வீட்டுப் பேத்தி எம்.ஏ. படிக்கிறாள். 1936 ஜூலை 30ஆம் தேதி நம் ஊர் மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். இரண்டு வாரம் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"தாத்தா, ஒண்ணுமே இல்ல. பத்துப் பக்கம் வருது. பத்தும் ஒண்ணையே காப்பி அடிச்சிருக்கு."

"என்ன தட்டினே?"

"புதுச்சேரி ஸ்டிரைக் 1936ன்னு இங்கிலீஷ்ல."

"எந்த ஸ்பெல்லிங்?"

இப்போது போர்டில் இருக்கும் ஸ்பெல்லிங்கைச் சொன்னாள். ஆங்கிலத்தில் அந்த எழுத்து 2006ல்தான் அதிகாரபூர்வமாக வந்தது. 1936ல் எழுதிய ஒருவனுக்கு அது எப்படித் தெரியும்? அவளைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். இருவரும் சேர்ந்து பெயர்களை எழுதினோம்.

ஊருக்கு முதலில். புதுச்சேரி, புதுவை, பாண்டிச்சேரி, ஆங்கிலத்தில் பழைய பாண்டிச்சேரி, பிரெஞ்சில் பொந்திஷேரி. தேசத்துக்கு பிரெஞ்சிந்தியா என்பது பேச்சு. அரசாங்க ஏட்டில் 'எதாப்லிஸ்மான் பிரான்சே தான் லேந்த்', அதாவது இந்தியாவிலுள்ள பிரெஞ்சுக் குடியேற்றங்கள். மில்களுக்கு வாருங்கள். சவானா மில்தான் பிறகு சுதேசி மில். கப்ளே மில்தான் பாரதி மில். ரோடியர் மில் என்று நாம் சொன்னது ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், பிறகு ஏ.எஃப்.டி. ஆட்களின் பெயர் இன்னும் மோசம். சுப்பையா என்பதை ஆங்கிலக்காரர் எஸ், யு என்று தொடங்கினால் பிரெஞ்சுக்காரர் எஸ், ஓ, யு என்று தொடங்குவார். ராமசாமிக்கு எஸ் இரண்டு. லட்சுமணனுக்கு நடுவில் ஓ, யு வந்து உட்கார்ந்திருக்கும். நம் வீடுகளில் பழைய பர்த் சர்ட்டிபிகேட்டும் ஆதார் கார்டும் ஒத்துப் போகாமல் அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விஷயத்துக்கும் பெயர் ஒன்றல்ல. தமிழில் வேலை நிறுத்தம், ஸ்டிரைக், கிளர்ச்சி. பிரெஞ்சில் 'கிரேவ்'. ஆனால் அரசாங்கத்தின் ஏட்டில் போய் ஸ்டிரைக்கைத் தேடாதே என்று அவளிடம் சொன்னேன். நான் அரசாங்கத்தில் இருந்தவன், எங்களுக்கு அந்தச் சொல் பிடிக்காது. 'தொழில்' என்று பார், 'பொது ஒழுங்கு' என்று பார் என்றேன்.

தாள் நிரம்பிவிட்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் ஒரே ஊருன்னு கூகுளுக்குத் தெரியாதா தாத்தா?" என்றாள். சிலது தெரியும், பலது தெரியாது. எது தெரியும் எது தெரியாது என்று அது உன்னிடம் சொல்லவும் சொல்லாது. அதுதான் சங்கடம்.

பிறகு ஒரு நூலகத்தில் அனுமதி வாங்கி, பழைய 'ழுர்னால் ஒஃபிசியேல்' பைண்டுகளை எடுத்தோம். அந்த ஆண்டுகளின் கடைசிப் பக்கங்களில் அகர வரிசை அட்டவணை. 'த்ரவாய்' என்ற தலைப்பில், தொழில் என்று அர்த்தம், விரலை வைத்து இறக்கினோம். எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்த 1937ஆம் ஆண்டு ஆணைக்கு வழி அங்கேதான் இருந்தது. எத்தனை பேர் உயிரைக் கொடுத்து வாங்கிய ஆணை அது என்று நம் தலைமுறைக்குத் தெரியும். அவள் அதைத் தேடிப் போகவே இல்லை. அப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் கிடைத்தது. அவள் இரண்டு வாரம் தட்டியும் வராதது.

தேடும் பெட்டி எழுத்தை எழுத்தோடு பொருத்திப் பார்க்கிறது. இப்போது கொஞ்சம் கூட்டிக் குறைத்து ஊகிக்கவும் செய்கிறது. அடைவு எழுதியவனோ கட்டுரையைப் படித்தான். தலைப்பில் ஊர்ப் பெயரே இல்லாத கட்டுரையையும் அந்த ஊரின் கீழ் வைத்தான். ஊருக்கு ஐந்து பெயர் இருந்தால் நான்கின் கீழ் 'பார்க்க' என்று எழுதி ஐந்தாவதுக்கு அனுப்பினான். நமக்குக் கேட்கத் தோன்றாத கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது. பெட்டியில் நாம் தட்டியது மட்டுமே வரும். பக்கத்தைப் புரட்டினால் நாம் நினைக்காததும் கண்ணில் படும்.

நான் கம்ப்யூட்டருக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். இந்தக் கட்டுரையையே அதில்தான் தட்டுகிறேன், ஒரு விரலால். அச்சு அடைவின் குறைகளும் எனக்குத் தெரியும். பூல் தயாரித்ததில் கட்டுரை வந்த ஆண்டே இருக்காது, தொகுதி எண்ணும் பக்கமும்தான். ஆசிரியர் பெயரை வைத்துத் தேட வழியில்லை. மற்ற அடைவுகளிலும் இருபது வருஷத்துக்குத் தேட வேண்டுமென்றால் இருபது வால்யூமைத் தூக்க வேண்டும். என் இடுப்பு இப்போது ஐந்துக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. அடைவில் எந்தெந்த இதழைச் சேர்ப்பது என்று யாரோ தீர்மானித்தார்கள், அவர்கள் சேர்க்காத இதழ் நமக்கு இல்லை. நம் பெயர் முறையும் அவர்களைக் குழப்பும். இனிஷியல் எது, பெயர் எது, அப்பா பெயர் எது என்று தெரியாமல் ஒரே ஆளை இரண்டு இடத்தில் வைத்திருப்பார்கள். இவற்றில் பலவற்றைக் கம்ப்யூட்டர் தீர்த்து வைத்தது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எந்தக் கம்ப்யூட்டர்? இங்கேதான் எல்லோரும் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றிய அடைவு ஒன்று. வெறும் தேடும் பெட்டி வேறொன்று. வைத்தியத் துறையைப் பாருங்கள். அமெரிக்க ராணுவ மருத்துவர் பில்லிங்ஸ் 1879ல் 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற அடைவைத் தொடங்கினார். உலகத்து மருத்துவ இதழ்களுக்கெல்லாம் மாதாமாதம் அடைவு. 1964ல் அந்த வேலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். 1971ல் தூரத்திலிருந்தே தேடலாம் என்றானது. 2004உடன் அச்சை நிறுத்திவிட்டார்கள். இன்று 'பப்மெட்' என்று நம் டாக்டர்கள் இலவசமாகப் பார்ப்பது அந்த அடைவின் வாரிசுதான். அச்சு போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஏனென்றால் தலைப்புகளின் பட்டியலை அவர்கள் தூக்கிப் போடவில்லை. 'ஹார்ட் அட்டாக்' என்று தட்டினாலும், டாக்டர்கள் எழுதும் 'மையோகார்டியல் இன்பார்க்ஷன்' என்ற தலைப்புக்கு அது உங்களை அனுப்பும். என் ஆசிரியர் சொன்ன அதே 'வுவார்'தான், திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. 2022லிருந்து கட்டுரைக்குத் தலைப்புப் போடும் வேலையை இயந்திரமே செய்கிறது, ஆட்கள் சரிபார்க்கிறார்கள். ஆனால் அது எந்தத் தலைப்புகளிலிருந்து எடுத்துப் போடுகிறது? மனிதர்கள் அறுபது வருஷம் உட்கார்ந்து திருத்தித் திருத்தி வளர்த்த பட்டியலிலிருந்துதான்.

அப்படி ஏற்றியிருந்தால் நானே அந்த முப்பது வால்யூமையும் பழைய பேப்பர்காரர் தராசில் தூக்கி வைத்திருப்பேன். ஏற்றியிருக்கிறதா? அந்த இளைஞரிடம் கேட்டேன். "1972ல் வந்த கட்டுரை ஏதாவது ஒன்று எடுத்துக் காட்டு தம்பி" என்றேன். கல்லூரி பணம் கட்டியிருக்கும் தளத்தைத் திறந்தார். நில உச்சவரம்பு என்று தட்டினார். வந்தவற்றில் மிகப் பழையது 1990களைச் சேர்ந்தது. வேறு சொல் போட்டார், அதே கதை. "பழசு ஏத்தலை போல சார்" என்றார். நான் கீழே இருந்து 1972 வால்யூமை அவிழ்த்து வரச் சொன்னேன். நிலச் சீர்திருத்தம் என்ற தலைப்பில் பத்தி பத்தியாகக் கட்டுரைகள். அவர் முகம் மாறியதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை. அவரை யாரும் அந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டவே இல்லை.

இது இங்கே மட்டும் நடக்கும் சங்கதி இல்லை. அமெரிக்காவின் 'ரீடர்ஸ் கைடு' கம்ப்யூட்டருக்கு வந்தபோது 1983லிருந்துதான் வந்தது. அதற்கு முந்தைய 1890 முதல் 1982 வரையிலானதைப் பிற்பாடு தனிச் சரக்காகக் கொண்டுவந்தார்கள். ஒன்றுக்குப் பணம் கட்டிய நூலகத்தில் மற்றது இருக்கும் என்று சொல்ல முடியாது. திரையைப் பார்ப்பவனுக்கோ இரண்டும் ஒரே பெட்டிதான். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று முதுகில் எழுதியிருக்காது. புத்தகத்தின் முதுகில் எழுதியிருக்கும். இன்னொன்று, சந்தா. அச்சு வால்யூமை ஒரு தடவை வாங்கினால் கரையான் தின்னும்வரை நம்முடையது. கம்ப்யூட்டர் அடைவு வாடகை வீடு மாதிரி. ஒரு வருஷம் பட்ஜெட்டில் கை வைத்தால் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பைனான்ஸ் பைல்களோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், முதலில் வெட்டுகிற தலைப்பு நூலகம்தான்.

ஆங்கிலத்துக்கே இந்தக் கதி என்றால் தமிழைச் சொல்லவா வேண்டும். நம் ஊரில் அச்சான பத்திரிகைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1908ல் பாரதியின் 'இந்தியா' சென்னையிலிருந்து இங்கே வந்து 1910 வரை நடந்தது. 1930ல் 'புதுவை முரசு'. 1934ல் சுப்பையாவின் 'சுதந்திரம்'. இப்படி எத்தனையோ. பழைய இதழ்களைப் படம் பிடித்து வைக்கும் நல்ல காரியத்தைச் சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்றவை செய்கின்றன, கும்பிட வேண்டும். ஆனால் படம் என்பது படம்தான். அதற்குள் சொல்லைத் தேட முடியாது. படத்தை எழுத்தாக்கும் மென்பொருள் இருக்கிறது என்பார்கள். 1978க்கு முன் அச்சான தமிழைக் கொடுத்துப் பாருங்கள். துதிக்கை தூக்கிய 'லை'யும் 'னை'யும், சுழித்த 'ணா'வும் 'றா'வும் அதன் வாயில் என்னவாகி வருகின்றன என்று. மங்கிய அச்சு வேறு.

அப்படியே சரியாக எழுத்தாக்கினாலும் புனைபெயர்களை என்ன செய்வீர்கள்? பாரதி காளிதாசன் என்றும் சக்திதாசன் என்றும் ஷெல்லிதாஸ் என்றும் எழுதினார். நம் கனக சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனது ஊருக்கே தெரியும். பெயரே போடாமல் எழுதியவர்கள் எத்தனையோ பேர். இங்கிலாந்தில் விக்டோரியா ராணி காலத்துப் பத்திரிகைகளில் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது. யார் எழுதியது என்று கடிதங்களையும் கணக்குப் புத்தகங்களையும் துருவிக் கண்டுபிடித்து, 'வெல்லஸ்லி இன்டெக்ஸ்' என்று ஐந்து தொகுதி போட்டார்கள். முதல் தொகுதி 1966ல், கடைசித் தொகுதி 1989ல். இருபத்து மூன்று வருஷ உழைப்பு. எந்தப் பெட்டியில் தட்டினால் அது வந்திருக்கும்? தமிழ் இதழ்களுக்கெல்லாம் சேர்த்து ஆண்டு தவறாமல் வந்த அடைவு ஒன்றை இத்தனை வருஷ வாசிப்பில் நான் கையில் எடுத்ததில்லை. நமக்கு வேண்டியது அது. அதைச் செய்யாமல், ஆங்கிலத்துக்கு இருப்பதையும் எடைக்குப் போடுகிறோம். 1827லேயே நூலகம் கண்ட ஊர் இது.

இடம் இல்லை என்பார்கள். முப்பது வால்யூமுக்கு ஒரு அலமாரியில் இரண்டு தட்டு போதும். அந்த மாடிப்படிக்குக் கீழே உடைந்த நாற்காலிக்கு இடம் இருக்கிறதே. யாரும் எடுப்பதில்லை என்பார்கள். எப்படி எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, அதனால் எடுப்பதில்லை. கிணற்றில் வாளியை இறக்கத் தெரியாதவனைக் காட்டி, கிணற்றைத் தூர்க்க வேண்டும் என்கிறார்கள்.

சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். தட்டுவதற்கு முன் தாளில் எழுது: ஊர், ஆள், விஷயம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை பெயர், எந்தெந்த மொழியில். பிறகு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று தீர்மானி. அந்த ஆண்டுகள் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று நூலகரைக் கேள், இல்லாததற்கு அச்சை எடு. அடைவின் முதல் பக்கத்தில் எந்தெந்த இதழைச் சேர்த்திருக்கிறார்கள், இதழ்ப் பெயர்களை எப்படிச் சுருக்கியிருக்கிறார்கள் என்று போட்டிருக்கும், அதைப் படி. 'பார்க்க' என்று அனுப்பினால் சோம்பல் படாமல் போ. கிடைத்ததைத் தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம், தேதி என்று முழுதாக எழுதிக்கொள், பக்க எண்ணை மட்டும் கிறுக்கிக்கொண்டு வராதே. பிறகு, கிடைத்த பெயர்களை வைத்து மறுபடி கம்ப்யூட்டருக்குப் போ. இப்போது அது பேசும். அவளுக்குப் பேசியது. பொந்திஷேரி என்று பிரெஞ்சு எழுத்தில் தட்டியதும், பாரிஸ் தேசிய நூலகத்தின் 'காலிகா' தளத்திலிருந்து அந்தக் காலத்து நாளிதழ்கள் ஒவ்வொன்றாக வந்தன. அன்று இரவு பத்து மணிக்கு, ஒரு பிரெஞ்சு வாக்கியத்துக்கு அர்த்தம் கேட்டு என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அந்த முப்பது வால்யூம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நூலகரைப் பார்த்துப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். இந்தக் கல்வியாண்டு முடியும்வரை எடைக்குப் போட மாட்டோம் என்றார். அதை எழுத்தில் கேட்டேன், சிரித்துவிட்டார். குமாஸ்தா புத்தி. வால்யூம்கள் இப்போதைக்கு மேலே ஏறி, கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. வியாழக்கிழமைதோறும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நான் அங்கே போய் உட்காருகிறேன். முதல் வாரம் யாரும் வரவில்லை. போன வாரம் இரண்டு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் அந்தக் கவுன்ட்டர் இளைஞர்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நம் வயதுக்காரர்கள் வீட்டுப் பரணில் பழைய பத்திரிகைக் கட்டு ஏதாவது இருக்கும். சங்க மலர், கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், தொழிற்சங்க ஏடு, எதுவானாலும் சரி. பிள்ளைகள் அதை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கி உட்காருங்கள். யார் எழுதியது, எதைப் பற்றி, எந்த இதழ், எந்தப் பக்கம். புனைபெயர் யாருடையது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள், அது நம்மோடு போய்விடும். தெருவுக்குப் பழைய பெயர் இருந்தால் அதன் பக்கத்தில் புதுப் பெயரைப் போட்டு 'பார்க்க' என்று எழுதுங்கள். என்னிடம் இருக்கும் ஒரு கட்டுக்கு நான் தொடங்கிவிட்டேன். 'க' வரிசை வரை வந்திருக்கிறேன்.